அயல்நாட்டார் செலவிடும் பணமும் அதை அளக்கும் கணக்கும்

ரப்பரும் ஈயமுமே நம் நாட்டின் பெருஞ்செல்வமாக இருந்த காலத்தில் அச்செல்வத்தை அளப்பதில் பெருந்தொல்லை இருக்கவில்லை. தொழிலாளி தோளில் சுமந்து வந்த ரப்பர்ப் பாலைத் தோட்டத்துக் கிராணி நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார். காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைத் தொழிற்சாலையில் மறுபடியும் நிறுத்தார்கள். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில் அவை கப்பல் ஏறும்போது சுங்க இலாகா மூன்றாம் முறையாகக் கணக்கெழுதியது. சரக்கு வெளியே போயிற்று. பணம் உள்ளே வந்தது. இரண்டுக்கும் எழுத்து மூலமான சான்று இருந்தது.

சுற்றுலாவும் ஒரு வகை ஏற்றுமதியே. ஆனால் இங்கே சரக்கு எங்கும் போவதில்லை. வாங்குபவரே கடல் கடந்து வருகிறார். நம் உணவை உண்டு, நம் அறையில் உறங்கி, நம் வண்டியில் ஏறி, அதற்குரிய பணத்தை ஆயிரம் கைகளில் சிறிது சிறிதாகக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். பொருளியல் அறிஞர் இதைக் 'கண்ணுக்குப் புலப்படாத ஏற்றுமதி' என்பர். எந்தத் தராசும் இதை நிறுக்க முடியாது. எந்தச் சுங்கச் சாவடியும் இதற்குச் சீட்டு எழுத முடியாது.

பங்சார் இம்மாறுதலுக்குக் கண்கண்ட சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ரப்பர்த் தோட்டமாக இருந்தது. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் இணைந்தே 'பங்சார்' என்னும் பெயர் பிறந்தது என்பர். மரங்கள் நின்ற மேட்டில் இன்று வீடுகளும் கடைகளும் உணவகங்களும் நிற்கின்றன. அன்று இம்மண்ணிலிருந்து வெளிநாடு சென்ற ரப்பரின் எடை இறாத்தல் வரையில் தெரிந்தது. இன்று இதே மண்ணில் வெளிநாட்டார் கொடுத்துச் செல்லும் பணம் எவ்வளவு?

2019ஆம் ஆண்டில் மலேசியாவுக்கு வந்த சுற்றுப்பயணிகள் 2 கோடியே 61 லட்சம் பேர் என்றும், அவர்கள் செலவிட்ட தொகை 8,614 கோடி வெள்ளி என்றும் அறிவிக்கப்பட்டது. இத்தொகையை யார் எண்ணினார்கள்? எங்கே எண்ணினார்கள்? உண்மையில் எவரும் எண்ணவில்லை என்பதே விடை. அது மதிப்பீடு. மதிப்பீடு என்பதனால் அது பொய்யென்று ஆகிவிடாது. ஆனால் அது எவ்வாறு உருவாகிறது என்பதை அறியாமல் அதை நம்பிக் கடை திறப்பவரும், அதை ஏளனம் செய்து ஒதுக்குபவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர்.

விருந்தினர் யார்?

பணத்தை அளப்பதற்குமுன் ஆளை அடையாளம் காண வேண்டும். இது எளிய செயலன்று. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பயணிகள் பெருகினர். ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி கணக்கெழுதியது. ஒரு நாட்டின் கணக்கை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை. ஆகவே 1937இல் சர்வதேச சங்கம் ஓர் இலக்கணம் வகுத்தது: தாம் வழக்கமாக வாழும் நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, குறைந்தது 24 மணி நேரம் தங்குபவரே அயல்நாட்டுச் சுற்றுப்பயணி. வேலை தேடி வருபவர், குடியேற வருபவர், எல்லைப்புறத்தில் வாழ்ந்து அன்றாடம் கடந்து செல்பவர் முதலியோர் இதில் சேரார்.

1963இல் ரோம் நகரில் ஐக்கிய நாட்டு நிறுவனம் கூட்டிய மாநாடு இதைத் திருத்தியது. 'வருகையாளர்' என்னும் பொதுப்பெயரின்கீழ் இரு பிரிவுகளை அது அமைத்தது. 24 மணி நேரத்துக்குக் குறையாமல் தங்குபவர் சுற்றுப்பயணி. அதற்குள் திரும்பிவிடுபவர் ஒருநாள் பயணி. உல்லாசக் கப்பலில் வந்து கரையிறங்கிச் சில மணி நேரத்தில் திரும்புவோரை 1937ஆம் ஆண்டு இலக்கணம் சுற்றுப்பயணிகளோடு சேர்த்திருந்தது. ரோம் மாநாடு அவர்களை ஒருநாள் பயணிகளாக்கியது. கப்பலும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, செலவும் மாறவில்லை. எழுதப்படும் பத்தி மட்டும் மாறியது.

நம் நாட்டில் இத்தகைய மாற்றம் அரசியலாலும் நேர்ந்தது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. அதன் வழியே தாயும் மகளும், அண்ணனும் தம்பியும், வியாபாரியும் வாடிக்கையாளரும் போய் வந்தனர். 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை ஏற்பட்டது. கிள்ளானில் இருந்த தமக்கையைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி அதன்பின் புள்ளிவிவரத்தில் 'அயல்நாட்டார்'. இன்றும் நம் சுற்றுலாக் கணக்கின் பெரும்பகுதி அப்பாலத்தின் மீதே நிற்கிறது. 2019இல் வந்த 2 கோடியே 61 லட்சம் பேரில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள்.

பங்சாரில் ஓர் உணவகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே மேசையில் நால்வர் அமர்ந்திருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளூர் வழக்கறிஞர். மற்றொருவர் மூன்றாண்டுகளாக இங்கே வேலை பார்க்கும் ஆங்கிலேயப் பொறியாளர். மூன்றாமவர் அவரைக் காண லண்டனிலிருந்து மூன்று வாரத்துக்கு வந்திருக்கும் அவருடைய தாயார். நான்காமவர் காலையில் சிங்கப்பூரிலிருந்து வந்து இரவே திரும்பவிருக்கும் நண்பர். இவர்களுள் தாயார் மட்டுமே சுற்றுப்பயணி. நண்பர் ஒருநாள் பயணி. பொறியாளர் வெளிநாட்டவராயினும் இங்கு வாழ்பவர். ஆதலால் அவர் செலவு உள்நாட்டுச் செலவு. கடைக்காரரின் பெட்டியில் விழுவதோ ஒரே தொகை. உணவுக்கான பணத்தை மகனே கொடுத்துவிட்டால், தாயார் உண்டதற்கு வெளிநாட்டுப் பணம் வந்ததாகவும் கொள்ள முடியாது. கடைக்காரரைக் கேட்டு இக்கணக்கை எழுத முடியாது என்பதற்கு இந்த ஒரு மேசையே போதும்.

அளக்கும் மூன்று வழிகள்

இத்தகைய செலவை அளக்க உலகில் மூன்று வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது, வங்கி வழி. வெளிநாட்டு நாணயம் எவ்வளவு உள்நாட்டு நாணயமாக மாற்றப்பட்டது என்று மத்திய வங்கி கணக்கெடுப்பது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாடுகளில் இது ஓரளவு பயன்பட்டது. ஆனால் மாற்றுபவர் எதற்காக மாற்றுகிறார் என்பதை நாணயம் சொல்வதில்லை. சில்லறை நாணய மாற்றுக் கடையிலும், உறவினர் வீட்டிலும் கைமாறும் பணம் வங்கியின் கண்ணில் படுவதில்லை. இன்று ஒருவர் தம் நாட்டிலேயே விமானச் சீட்டையும் ஹோட்டல் அறையையும் கைப்பேசியில் வாங்கிவிட்டுப் புறப்படுகிறார். அவர் இங்கே நாணயத்தை மாற்றாமலேயே போய்விடலாம்.

இரண்டாவது, விற்பவரைக் கேட்பது. ஹோட்டல்களுக்கு இது பொருந்தும். அங்கே கடப்பிதழைப் பார்த்துப் பெயர் எழுதுகிறார்கள். 2017 செப்டம்பர் முதல் அறை ஒன்றுக்கு இரவொன்றுக்கு 10 வெள்ளி வீதம் வெளிநாட்டவரிடம் சுற்றுலா வரி வசூலிக்கப்படுவதால், ஹோட்டல் தங்கலுக்கு நேரடியான சான்றும் கிடைக்கிறது. ஆனால் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் சேலை விற்பவரோ, கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் பலகாரம் விற்பவரோ வாங்குபவரின் நாட்டைக் கேட்டு எழுதுவதில்லை.

மூன்றாவது, பயணியையே கேட்பது. 1933இல் பிரிட்டனின் பொருளியல் அறிஞர் எஃப். டபிள்யூ. ஓகில்வி சுற்றுப்பயணிகளின் போக்குவரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். எத்தனை பேர் வந்தனர், எத்தனை நாள் தங்கினர், நாளொன்றுக்கு எவ்வளவு செலவிட்டனர் என்னும் மூன்றையும் பெருக்கியே தொகை காண வேண்டும் என்பது அத்தகைய ஆராய்ச்சியின் அடிப்படை. பிரிட்டன் 1961இல் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் பயணிகளிடம் மாதிரிக் கணக்கெடுப்பை நிலையாகத் தொடங்கியது. எல்லாரையும் கேட்பது இயலாது. ஆகவே இத்தனை பேருக்கு ஒருவர் என்று முறைப்படி தெரிந்தெடுத்துக் கேட்டு, அவ்விடைகளைக் கொண்டு அனைவரையும் மதிப்பிடுவதே மாதிரிக் கணக்கெடுப்பு. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்த முறைதான். ஆனால் பானையை நன்றாகக் கிளறிய பின் எடுத்த சோறாக அது இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த மூன்றாம் வழியே கைக்கொள்ளப்பட்டிருக்கிறது. வந்தவர் எண்ணிக்கையைக் குடிநுழைவு இலாகா தருகிறது. செலவையும் தங்கிய இரவுகளையும், புறப்பட்டுச் செல்லும் பயணிகளிடம் விமான நிலையங்களிலும் எல்லை வாயில்களிலும் கேட்டறிகின்றனர். வரும்போது கேட்டால் அவர் சொல்வது திட்டம். போகும்போது கேட்டால் அவர் சொல்வது அனுபவம். ஆதலால் புறப்படும் வாயிலே ஏற்ற இடம்.

எனினும் மனித நினைவு தராசு அன்று. பெரிய செலவு நினைவிலிருக்கும். தேநீருக்கும் டாக்சிக்கும் கொடுத்தது மறந்துபோகும். குடும்பத்தோடு வந்தவர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறாரா, தமக்கு மட்டும் சொல்கிறாரா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் ஒருவரின் சராசரிச் செலவு 3,300 வெள்ளி. சராசரித் தங்கல் 7.4 இரவு. விடை சொன்னவர்கள் சராசரியாக 100 வெள்ளியை மறந்திருந்தால் என்ன ஆகும்? 2 கோடியே 61 லட்சத்தை 100ஆல் பெருக்கிப் பாருங்கள்: 261 கோடி வெள்ளி. ஒரு சிறு மறதி, நாட்டுக் கணக்கில் அத்தனை பெரிய தொகையாகிறது.

சராசரி என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். வார இறுதியில் ஜொகூருக்கு வந்து போகும் சிங்கப்பூரரும், குடும்பத்தோடு பல நாள் தங்கும் சவூதி அரேபியரும் ஒரே பட்டியலில் இருக்கின்றனர். சவூதி அரேபியர் தலைக்கு 10 ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவிட்டனர். சென்னையிலிருந்து வந்து கிள்ளானில் சிற்றப்பா வீட்டில் இரண்டு வாரம் தங்குபவர் ஹோட்டலுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆனால் இரவுக் கணக்கில் பதினான்கைக் கூட்டிவிடுகிறார். இவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சராசரியைக் கண்டு, பின்னரே கூட்ட வேண்டும். ஒட்டுமொத்தமாகப் பெருக்கினால் கிடைப்பது கணக்கன்று; குத்துமதிப்பு.

நம் நாட்டின் கணக்கு வளர்ந்த கதை

விடுதலைக்குப் பின் 1959இல் மலாயா அரசாங்கம் வாணிப அமைச்சின்கீழ் ஒரு சுற்றுலா இலாகாவை அமைத்தது. அதே ஆண்டில்தான் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தொடங்கப்பட்டது. அந்நாளில் ரப்பரும் ஈயமும் நாட்டைத் தாங்கி நின்றன. வந்து போகும் விருந்தினரின் பணத்தை எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பசிபிக் வட்டாரப் பயணச் சங்கத்தின் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சட்டப்படி நிறுவப்பட்டது. 1987இல் சுற்றுலாவுக்கு அமைச்சே ஏற்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்கழகத்தின் இடத்தைச் சுற்றுலா மேம்பாட்டு வாரியம் ஏற்றது.

எண்பதுகளின் நடுவில் மூலப்பொருள்களின் விலை வீழ்ந்தபோதுதான் அரசாங்கத்தின் பார்வை முழுமையாக இப்பக்கம் திரும்பியது. 1990 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு' என அறிவிக்கப்பட்டது. முந்திய ஆண்டில் 48 லட்சமாக இருந்த வருகை 74 லட்சமாக உயர்ந்தது. வருமானம் 450 கோடி வெள்ளி என மதிப்பிடப்பட்டது. 1998இல், ஆசியப் பொருளாதார நெருக்கடியின் நடுவே, வருகை 55 லட்சமாகத் தாழ்ந்தது. 2000இல் ஒரு கோடியைத் தாண்டியது. 2014இல் 2 கோடியே 74 லட்சம் பேர். 7,200 கோடி வெள்ளி. பின்னர் கோவிட் நோய் பரவி எல்லைகள் மூடப்பட்டன. 2020இல் வருகை 43 லட்சமாயிற்று. 2021இல் ஒரு லட்சத்து 35 ஆயிரத்தை எட்டவில்லை. வருமானம் சுமார் 24 கோடி வெள்ளியாகச் சுருங்கியது. 8,614 கோடியிலிருந்து 24 கோடி! அந்த ஈராண்டுகளில் பிரிக்பீல்ட்ஸில் கதவடைத்த கடைகளைக் கண்டவர்கள், கண்ணுக்குப் புலப்படாத ஏற்றுமதி மறைந்துபோனால் அது எவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது என்பதை உணர்ந்தார்கள்.

இவ்வளர்ச்சிக் கணக்கைப் படிக்கும்போது மறக்கக்கூடாத மற்றொன்று உண்டு. அளவுகோல் நீண்டால் துணி குறைந்ததுபோலத் தோன்றும். அது குறுகினால் துணி வளர்ந்ததுபோலத் தோன்றும். வெள்ளியே அவ்வளவுகோல். 2014இல் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 3 வெள்ளி 27 காசு. 2019இல் ஏறத்தாழ 4 வெள்ளி 14 காசு. ஆகவே 2014ஆம் ஆண்டின் 7,200 கோடி வெள்ளி ஏறத்தாழ 2,200 கோடி டாலர். 2019ஆம் ஆண்டின் 8,614 கோடி வெள்ளி ஏறத்தாழ 2,080 கோடி டாலர். வெள்ளிக் கணக்கில் புதிய உச்சம். டாலர்க் கணக்கில் சற்றே இறக்கம். இரண்டும் உண்மையே. உள்ளூர்க் கூலி கொடுப்பவருக்கு வெள்ளிக் கணக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்குபவருக்கு டாலர்க் கணக்கு வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு என்று தெரியாமல் உச்சத்தை மட்டும் பேசுவது அறிவாகாது.

பாலும் உலர்ந்த ரப்பரும்

வந்த தொகை எவ்வளவு என்று ஒருவாறு தெரிந்துவிட்டது என்றே கொள்வோம். அதில் நாட்டில் நின்றது எவ்வளவு?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது எளிது. கிராணி பாலை நிறுத்ததோடு விடுவதில்லை. மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். வாளி நிறையப் பால் இருந்தாலும், அதில் உலர்ந்த ரப்பராகத் தேறுவது நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். வாளியின் எடைக்கே விலை கொடுத்த முதலாளி எவருமில்லை.

சுற்றுலாப் பணமும் பால் போன்றதே. ஹோட்டலில் பயணி கொடுக்கும் 500 வெள்ளியில், வெளிநாட்டு நிர்வாகக் குழுமத்துக்குப் போகும் கட்டணம் உண்டு. இறக்குமதியான மது, இறைச்சி, மின்தூக்கி ஆகியவற்றின் விலை உண்டு. அவை வந்த வழியே திரும்பிப் போகின்றன. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அவர் கொடுக்கும் 20 வெள்ளியில் சமையற்காரர் கூலியும், காய்கறிக்காரர் பணமும், கட்டட வாடகையும் பெரும்பாலும் இங்கேயே தங்குகின்றன. தொகையில் ஹோட்டல் பெரிது. தங்கும் விழுக்காட்டில் சாப்பாட்டுக் கடை பெரிதாக இருக்கலாம்.

இந்த வேறுபாட்டை உலகம் உடனே உணரவில்லை. 1961இல் அமெரிக்க வர்த்தக இலாகாவும் பசிபிக் வட்டாரப் பயணச் சங்கமும் சேர்ந்து வெளியிடச் செய்த செக்கி நிறுவனத்தின் அறிக்கை, சுற்றுப்பயணி செலவிடும் ஒரு டாலர் ஓராண்டுக்குள் கைமாறிக் கைமாறி மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது என்று கூறியது. கிழக்காசிய அரசாங்கங்கள் பலவற்றுக்கும் இது இனிய செய்தியாக இருந்தது. 1969இல் கரீபியன் தீவுகளுக்காக ஜிண்டர் நிறுவனம் எழுதிய அறிக்கை இதே வழியில் 2.3 மடங்கு என்றது. அடுத்த ஆண்டே காரி லெவிட் அம்மையாரும், இந்தியப் பொருளியல் அறிஞர் இக்பால் குலாட்டியும் அதைக் கடுமையாக மறுத்தனர். பணம் எத்தனை முறை கைமாறியது என்பதை எண்ணுவது வேறு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் உள்ளூராருக்கு வருமானமாக எவ்வளவு நின்றது என்பதை எண்ணுவது வேறு. ஒரே வாளிப் பாலை மூன்று முறை நிறுத்து மூன்று வாளி என்று எழுதுவதற்கு ஒப்பானது முன்னது.

இக்குறையை நீக்க எழுந்ததே 'சுற்றுலாத் துணைக்கணக்கு' என்னும் முறை. நாட்டின் வருமானக் கணக்கில் ஹோட்டல், உணவகம், போக்குவரத்து, கடை வாணிபம் என்று தொழில்கள் தனித்தனியே இருக்கின்றன. சுற்றுலா என்று ஒரு தொழில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் பத்துப் பேர் உண்டால் அவருள் இருவரே பயணிகளாக இருக்கலாம். அந்த இருவருக்குரிய பங்கை ஒவ்வொரு தொழிலிலிருந்தும் பிரித்தெடுத்து, இடைப்பட்ட செலவைக் கழித்து, நாட்டில் சேர்ந்த மதிப்பை மட்டும் காட்டுவதே துணைக்கணக்கு. 1991இல் ஓட்டாவா மாநாட்டில் இது விரிவாக ஆராயப்பட்டது; கனடா 1994இல் தன் கணக்கை வெளியிட்டது; 2000இல் ஐக்கிய நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் இதற்குப் பொது முறையை ஏற்றது; 2008இல் அது திருத்தப்பட்டது. நம் புள்ளிவிவர இலாகாவும் இம்முறையில் கணக்கு வெளியிட்டு வருகிறது.

அக்கணக்கின்படி 2019இல் சுற்றுலாத் தொழில்களின் பங்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15.9 விழுக்காடு. இதைப் படிப்பவர் இவ்வளவும் அயல்நாட்டார் தந்தது என்று எண்ணிவிடக்கூடாது. அதே ஆண்டில் நம் நாட்டு மக்களே உள்நாட்டில் பயணம் செய்து செலவிட்டது 10,320 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகாவின் மதிப்பீடு கூறுகிறது. அயல்நாட்டார் தந்த 8,614 கோடியைவிட இது மிகுதி. ஈப்போவிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருபவரும், சிரம்பானிலிருந்து தீபாவளித் துணி வாங்கக் கிள்ளானுக்கு வருபவரும் சுற்றுலாவைத் தாங்குகிறவர்களே.

கடைத்தெருவுக்கு இக்கணக்கால் என்ன?

இவையெல்லாம் அதிகாரிகளின் கவலை என்று நம்மவர் ஒதுங்கிவிட முடியாது. 2010 அக்டோபர் 27ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸில் 'லிட்டில் இந்தியா' திறந்து வைக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அதில் கலந்துகொண்டார். பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 முதல் நிற்கிறது. மலேசியாவை விளம்பரம் செய்யும் படங்களில் அச்சிலையும் 272 படிகளும் இடம்பெறுகின்றன. ஆனால் பேருந்தில் வந்திறங்கி, படியேறிப் படமெடுத்து, ஓர் இளநீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பும் பயணி இரவு தங்குவது நகரின் நடுவே உள்ள ஹோட்டலில். நாட்டின் மொத்தத் தொகையில் அவர் 3,300 வெள்ளி. பத்துமலைக் கடைக்காரருக்கு அவர் ஓர் இளநீர். 2019ஆம் ஆண்டுக் கணக்கில் பொருள் வாங்கும் செலவு மூன்றில் ஒரு பங்கும், தங்குமிடம் ஏறத்தாழ கால்பங்கும், உணவு சுமார் 13 விழுக்காடும் என்று பிரித்துச் சொல்லப்பட்டது. அந்த மூன்றில் ஒரு பங்கு எந்தத் தெருவில் விழுந்தது என்பதை நாட்டின் சராசரி சொல்லாது. அதைச் சொல்ல அத்தெருவிலேயே ஒரு கணக்கு வேண்டும்.

2026ஆம் ஆண்டை மீண்டும் 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு' என அறிவித்தபோது முதலில் கூறப்பட்ட இலக்கு 3 கோடியே 56 லட்சம் சுற்றுப்பயணிகள்; 14,710 கோடி வெள்ளி வருமானம். பின்னர் 4 கோடியே 70 லட்சம் வருகையாளர்கள் என்னும் இலக்கு கூறப்பட்டது. இலக்கு ஒரே தாவலில் ஒரு கோடிக்கு மேல் உயர்ந்ததென்று நினைப்பவர் 1963ஆம் ஆண்டு ரோம் மாநாட்டை நினைவுகூர வேண்டும். முன்னது இரவு தங்குபவர் கணக்கு. பின்னது ஒருநாள் பயணிகளையும் சேர்த்த கணக்கு. 2024இல் இரவு தங்கியோர் சுமார் 2 கோடியே 50 லட்சம். ஒருநாள் பயணிகளையும் கூட்டினால் சுமார் 3 கோடியே 80 லட்சம். இரண்டு கணக்குகளுக்கும் உலக இலக்கணத்தில் இடமுண்டு. ஆனால் ஒன்றின் தலையை மற்றொன்றின் உடலோடு ஒட்டக்கூடாது. இரவு தங்குபவரின் சராசரிச் செலவை ஒருநாள் பயணியின் தலையெண்ணிக்கையோடு பெருக்கினால் வரும் தொகை தாளில் மட்டுமே இருக்கும், கல்லாப்பெட்டியில் இராது.

தாளில் மட்டும் உள்ள தொகையை நம்பிக் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்குபவர் வட்டியைத் தாளில் செலுத்த முடியாது. புதிய ஹோட்டலுக்கு நிலம் ஒதுக்குவதும், விளம்பரத்துக்குப் பொதுப்பணத்தை ஒதுக்குவதும், நடைபாதையையும் வாகன நிறுத்துமிடத்தையும் எந்தத் தெருவில் அமைப்பது என்று முடிவு செய்வதும் இக்கணக்குகளைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆகவே நம் வணிகர் சங்கங்கள் தத்தம் தெருவில் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் எளிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தலாம். கடைக்கு வருபவர் எந்த நாட்டவர், எத்தனை மணி நேரம் அத்தெருவில் இருந்தார், என்ன வாங்கினார் என்னும் மூன்று கேள்விகள் போதும். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளியில் பயிலும் மாணவர்களே ஆசிரியர் துணையோடு இதைச் செய்துவிட முடியும். அவர்களுக்கும் இது நல்ல கணக்குப் பாடம்.

அத்தகைய கணக்கு கையில் இருந்தால், நகராண்மையிடம் நம் கோரிக்கையை வெறுங்கையோடு சொல்ல வேண்டியதில்லை. வரும் ஆண்டுகளில் சுற்றுலா வருமானம் இத்தனை ஆயிரம் கோடி என்று நாளிதழில் படிக்கும்போது, வாசகர்கள் மூன்றைக் கேட்டுப் பார்க்கட்டும்: இதில் எண்ணப்பட்டவர் இரவு தங்கியவரா, பகலில் வந்து போனவருமா? இத்தொகை எந்த ஆண்டின் வெள்ளியில் சொல்லப்படுகிறது? இதில் பால் எவ்வளவு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு? மூன்றாம் கேள்வியைத் தோட்டத்துக் கிராணி ஒவ்வொரு நாளும் கேட்டார். நாட்டின் கணக்கிலும் அதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.